ஒலிபெருக்கி செய்பவரை எதைக்கொண்டு மதிப்பது?

ஒரு சோடி ஒலிபெருக்கியின் விலை ஒரு மோட்டார் வண்டியின் விலையையும் விஞ்சக்கூடும் என்பதை எமது வாசகர்களிற் பலர் நம்பமாட்டார்கள். ஆயினும் அத்தகைய சோடிகள் கடைகளில் இருக்கின்றன. இரட்டை வேலை செய்து மிச்சம்பிடித்த பணத்தை அவற்றிலே போடுகின்ற இசைப்பிரியர்கள் எம்மவரிடையேயும் உளர். விளம்பர ஏடுகளைப் புரட்டினால், ஒலிபெருக்கியின் படத்துக்கு அருகே அதை வடிவமைத்தவரின் படமும் காணப்படும். அவர் பௌதிகவியற் கலாநிதி என்றிருக்கும். அல்லது எந்தக் கல்லூரியிலும் பயிலாத பிறவி மேதை, காதொன்றையே கருவியாகக் கொண்டவர் என்றிருக்கும். இரண்டும் விற்பவருக்கு உதவுகின்றன. வாங்குபவருக்கு உதவுவது எது?

பட்டம் என்ற சொல் எம்மவருக்குச் சற்று நோவு தருவது. ஊரிலே பொறியியலாளராய் இருந்தவர் இங்கு களஞ்சியசாலையிற் பெட்டி அடுக்குகின்றார். சான்றிதழ் செல்லாது என்றவர்கள் அவருடைய அறிவைச் சோதித்துப் பார்த்துவிட்டா அப்படிச் சொன்னார்கள்? ஆகவே பட்டமில்லை என்பதற்காக ஒருவரைத் தள்ளிவிட எமக்கு மனம் வராது. ஒலிபெருக்கியின் வரலாறும் அதற்கு இடந்தரவில்லை.

கில்பேர்ட் பிரிக்ஸ் என்பவர் வட இங்கிலாந்தில் துணி வணிகத்தில் இருந்தவர். பொறியியல் கற்றவர் அல்லர். 1932இல் தமது வீட்டு நிலவறையில் ஒலிபெருக்கி செய்யத் தொடங்கினார். வார்ஃப்டேல் என்னும் நிறுவனம் அவ்வாறுதான் பிறந்தது. 1948இல் சாதாரண மனிதருக்கும் விளங்கும்படி ஒலிபெருக்கிகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நாம் அவரை மதிப்பது வேறொன்றுக்காக. 1954இல் லண்டன் றோயல் ஃபெஸ்டிவல் மண்டபத்தில், சபை நிறைந்திருக்க, கலைஞர்களை மேடையில் நேரே வாசிக்கச் செய்தார். அவர்களுடைய வாசிப்பின் பதிவையும் தமது ஒலிபெருக்கிகள் வழியே அதே சபைக்குக் கேட்கச் செய்தார். அம்பிளிஃபயர்களை அளித்தவர் குவாட் நிறுவனத்தின் பீற்றர் வோக்கர். தமது கைவேலையை மூலத்தின் பக்கத்திலேயே நிறுத்தி, கேட்போரே தீர்ப்புக் கூறட்டும் என்று விடுவதற்கு எத்தனை வடிவமைப்பாளர்கள் துணிவார்கள்?

மறுபுறத்தில், பெரும் பட்டமும் வழக்கைத் தீர்த்துவிடுவதில்லை. கல்கத்தாவிலிருந்து அமெரிக்கா சென்ற வங்காள விடுதலைப் போராளியொருவரின் மகனான அமர் போஸ், மாசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் கலாநிதி. அங்கேயே பேராசிரியராகவும் இருந்தவர். 1968இல் அவர் வெளியிட்ட 901 என்னும் ஒலிபெருக்கியில் ஒன்பது ஒலிக்கூம்புகள் இருந்தன. அவற்றுள் எட்டு, கேட்பவரை நோக்காமற் பின்சுவரை நோக்கியவை. இசை மண்டபத்தில் நாம் கேட்பதிற் பெரும்பங்கு சுவர்களிற் பட்டுத் திரும்பும் ஒலியே என்பது அவருடைய கொள்கை. 1970இல் நுகர்வோர் சஞ்சிகையொன்று, வாத்தியங்களின் ஒலி அறையில் அலைவதுபோற் கேட்கிறது என்று எழுதிற்று. நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 1984இல் அமெரிக்க உயர்நீதிமன்றம் சஞ்சிகையின் பக்கம் தீர்த்தது. ஆனால் அது எழுத்துரிமை பற்றிய தீர்ப்பேயன்றி ஒலியைப் பற்றியதன்று. ஒலிபெருக்கி பற்றிய விவாதம் அதன் பின்னரும் தொடர்ந்தது.

பட்டமும் போதாது, பட்டமின்மையும் குறையன்று எனில், எஞ்சுவது பலர் முன்னிலையிற் சோதிக்கத்தக்க வேலை ஒன்றே. அவுஸ்திரேலியரான நெவில் தீல் 1961இலும், சிட்னிப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த றிச்சர்ட் ஸ்மோல் 1970களின் தொடக்கத்திலும் வெளியிட்ட கட்டுரைகள் இதற்கு நல்ல சான்று. அவர்கள் காட்டிய வழியில், ஒலிக்கூம்பின் சில அளவுகளை அறிந்தால், அதற்கேற்ற பெட்டி எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும் என்பதைக் கணக்கிட்டுவிடலாம். பலகையை வெட்டி வெட்டிப் பார்க்கத் தேவையில்லை. எவரும் படித்துச் சரிபார்க்கக்கூடிய கணக்கு இது. தாழ்ந்த சுரங்களுக்குத் தம்மிடம் மட்டுமே இரகசிய முறை உண்டென்று ஒருவர் கூறுவாராயின், பணப்பையைச் சிறிது நேரம் மூடி வைத்திருப்பது நல்லது.

இங்கு, ஒட்டாவாவிலுள்ள தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் 1965 முதல் பணியாற்றிய ஃபுளோயிட் டூல் என்னும் ஆய்வாளர், எதிரொலி இல்லாத அறையில் ஒலிபெருக்கிகளை அளந்தார். பின் அவற்றைத் திரைக்கு அப்பால் வைத்து மக்களைக் கேட்கச் செய்து ஒப்பிட்டார். பின்னர் அமெரிக்க நிறுவனமொன்றில் சேர்ந்து, ஷோன் ஒலிவ் என்பவருடன் 1994இல் வெளியிட்ட ஆய்வு எமக்கு மிக முக்கியமானது. நாற்பது பேர் நான்கு ஒலிபெருக்கிகளைக் கேட்டுப் புள்ளியிட்டனர்; ஒருமுறை கண்ணாற் கண்டும், ஒருமுறை காணாமலும். பார்த்துக் கேட்டபோது பெரிய, விலையுயர்ந்தவற்றின் புள்ளி ஏறிற்று; சிறிய, மலிவானதன் புள்ளி இறங்கிற்று. அந்நாற்பது பேரும் அதே தொழிலில் இருந்தவர்கள்! அவர்களுக்கே கண் காதை ஏமாற்றியதென்றால், மெருகிட்ட மரப்பெட்டியின் முன் நிற்கும் எம் நிலை என்ன?

எனவே வடிவமைப்பாளரின் பெயரைக் கேட்டறிந்தபின், அவருடைய அளவீடுகளையும் கேளுங்கள். ‘40 முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை’ என்று மட்டும் அச்சிட்டிருந்தால் அதிற் பொருளில்லை. அவ்வெல்லைக்குள் ஒலி எத்தனை டெசிபல் ஏறி இறங்குகிறது என்பதும் வேண்டும். கூட்டல் கழித்தல் 3 டெசிபல் என்றால் அது ஒரு பேச்சு. ஒலிபெருக்கியைச் சுற்றி 70 நிலைகளில் அளக்கும் பொதுமுறையொன்று 2013இல் வகுக்கப்பட்டது. அவ்வரைபடங்களை மறைக்காமற் கொடுப்பவரிடம் எமக்கு நம்பிக்கை கூடுகிறது. விளம்பரம் வாங்கும் ஏடுகள் வழங்கிய விருதுகளை நாம் இதற்கு ஈடாகக் கொள்ளோம்.

கடைக்குச் செல்கையில், நன்கு பழகிய இசைத்தட்டையே கொண்டு செல்லுங்கள். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் மொத்தென்று அமுங்காமல் நாதத்துடன் எழுகிறதா, நாகசுரத்தின் உச்சம் காதைக் குத்துகிறதா, தெரிந்த பாடகரின் குரல் அவருடைய குரலாகவே இருக்கிறதா என்று பாருங்கள். ஒப்பிடும் இரு சோடிகளையும் ஒரே சத்த அளவில் வைக்கச் சொல்லுங்கள். சற்று உரத்து ஒலிப்பதே எப்போதும் இனிதாகத் தோன்றும், இதை விற்பனையாளர் நன்கறிவார். கூடவருபவரிடம் ஒரு துணியைக் கொடுத்துத் திரையாகப் பிடிக்கச் சொன்னாலும் தவறில்லை. கடைக்காரர் சிரிப்பார், சிரித்துவிட்டுப் போகட்டும்.