7,518 யானையைக் காணோம்!

சின்னதாக ஒரு பொது அறிவுக் கேள்வி. இந்தியாவில் காட்டு யானைகள் எத்தனை?

பழைய கைடை வைத்து குரூப்-4க்கு உருப்போட்டவர்கள் டக்கென்று '29,964' என்பார்கள். 2017-ம் வருடத்துக் கணக்கு அது. 2025 அக்டோபரில் பேப்பரை ஒழுங்காகப் படித்தவர்கள் '22,446' என்பார்கள். இரண்டுமே மத்திய அரசு கொடுத்த நம்பர்தான். கால்குலேட்டரைத் தட்டிப் பாருங்கள். வித்தியாசம் 7,518.

சைக்கிள் காணாமல் போனால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாம். பர்ஸ் போனால் கண்டக்டரிடம் சண்டை போடலாம். ஏழாயிரத்து ஐநூற்றுப் பதினெட்டு யானையைக் காணோம் என்றால் யாரிடம் போய் முறையிடுவது ஸார்?

ஆயக்குடியில் கேட்டுப் பார்க்கலாம். பழனிக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் நடுவே மெயின் ரோட்டில் இருக்கிற ஊர். விடியற்காலையில் கொய்யாப்பழ மார்க்கெட் கூடும். பெட்டி பெட்டியாகப் பழம் வெளியூருக்கு வண்டி ஏறும். அரசுத் தேர்வுக்கு மரத்தடியில் உட்கார வைத்து இலவசமாகப் பயிற்சி கொடுத்தே தமிழ்நாடு பூராவும் பேர் வாங்கிய ஊரும் இதுதான். உங்கள் ஆபீஸிலேயே அந்த மரத்தடி மாணவர் ஒருத்தர் ஃபைலைப் புரட்டிக்கொண்டு இருக்கலாம், விசாரித்துப் பாருங்கள். ஆக, 29,964-ஆ, 22,446-ஆ என்பது இங்கே வெட்டி அரட்டை இல்லை. சுளையாக ஒரு கேள்விக்கான மார்க்.

ஊருக்குத் தெற்கே பழனி மலைத்தொடர். அதன் மேலே, 2013-ல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம்... 600 சதுர கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து இறங்குகிற யானைக்கு அடிவாரத்துத் தோப்புகள் ரொம்பப் பக்கம். கொய்யா, மா, தென்னை என்று ஒரே இடத்தில் ஃபுல் மீல்ஸ். இங்கே ஒரு தோப்புக்காரரை நிறுத்தி, "அண்ணே, ஏழாயிரம் யானை குறைஞ்சு போச்சாம்" என்று சொல்லிப் பாருங்கள். "ராத்திரிக்கு நம்ம தோப்புக்கு வாங்க தம்பி, எல்லாம் இங்கதானுங்க நிக்குது" என்கிற மாதிரிதான் பதில் வரும்.

டெல்லிக் கணக்கில் யானை குறைந்திருக்கிறது. தோப்புக் கணக்கில் கூடியிருக்கிறது. இரண்டில் எது சரி? நான் விலங்கியல் படித்தவனில்லை. வெறும் பி.காம். ஆனால் விஷயத்தைத் தோண்டத் தோண்ட, இது விலங்கியலைவிட அக்கவுன்டன்ஸிக்குத்தான் ரொம்ப நெருக்கம் என்று பட்டது. நம்ம சப்ஜெக்ட்!

கம்பெனியில் வருஷா வருஷம் ஸ்டாக் எடுப்போமே, யானைக்கும் அதேதான். என்ன, நம் குடோனில் சோப்பு டப்பா நடக்காது. யானை நடக்கும். ராத்திரியோடு ராத்திரியாக ஸ்டேட் விட்டு ஸ்டேட் போகும். உண்ணிச்செடிப் புதருக்குள் நின்றால் பத்தடி தள்ளி இருப்பவருக்கும் தெரியாது. அதனால் காலம் காலமாக இரண்டு வழி வைத்திருந்தார்கள். காட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஆட்களை நடக்க விட்டு, கண்ணில் படுவதை எண்ணுவது ஒன்று. கண்ணில் படாததற்கு அதன் சாணத்தை எண்ணுவது இன்னொன்று. லத்தி என்றும் சொல்வார்கள்.

சிரிக்காதீர்கள். ஒரு யானை ஒரு நாளைக்குச் சுமார் பதினைந்து, பதினாறு முறை சாணம் போடும். போட்ட சாணம் மக்கி மறைய எத்தனை நாள் ஆகும் என்று பார்த்து வைத்துக்கொண்டால், காட்டில் கிடக்கிற குவியல்களை எண்ணி, வகுத்து, யானைக் கணக்குக்கு வந்துவிடலாம். சிக்கல் எங்கே என்றால், சாணம் எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் மறைவதில்லை. மழை பெய்தால் கரைந்துவிடும். சாணி வண்டு அதிகமுள்ள காட்டில் சீக்கிரம் காலி. வெயிலில் காய்ந்தால் மாசக்கணக்கில் கிடக்கும். வண்டு சுறுசுறுப்பாக வேலை பார்த்ததால் மட்டும் ஒரு ஜில்லாவில் யானை குறைந்துபோனதாக ரிப்போர்ட் வரக்கூடும்! எந்த ஆடிட்டர் இதை ஒத்துக்கொள்வார்?

இதில் இன்னொரு கூத்து. 2017-ல் முதலில் அறிவித்த நம்பர் 27,312. அப்புறம் திருத்தி 29,964 ஆக்கினார்கள். ப்ரொவிஷனல் ஒன்று, ஃபைனல் ஒன்று. ஒரே வருஷத்துக்கு இரண்டு விடை. பாவம், மரத்தடி மாணவர்கள்.

இப்போது வந்திருக்கிற 22,446 வேறு ரகம். டேராடூனில் இருக்கிற இந்திய வனவிலங்கு நிறுவனம் எடுத்த இந்தக் கணக்குக்குப் பேரே 'டி.என்.ஏ. கணக்கு'. சாணத்தின் மேல்பூச்சில் யானையின் குடலிலிருந்து உரிந்த செல்கள் ஒட்டிக்கொண்டு வரும். அதிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தால் அது எந்த யானை என்று சொல்லிவிடலாம். ஆதார் கார்டு மாதிரி. (யானை கைரேகை வைக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான்!) 21,056 மாதிரிகளைச் சேகரித்தார்கள். பரிசோதித்ததில் 4,065 தனித்தனி யானைகள் தெரிந்தன.

4,065 எப்படி 22,446 ஆனது? நியாயமான கேள்வி. இதற்குத் தைப்பூசத்தைத் துணைக்கு அழைப்போம்.

ஒட்டன்சத்திரத்திலிருந்து ஆயக்குடி வழியாகப் பழனிக்குப் பாத யாத்திரைக் கூட்டம் போகிறது. எத்தனை பேர் என்று தெரியவேண்டும். தலை எண்ண முடியாது. என்ன செய்யலாம்? ஒட்டன்சத்திரத்தில் ஒரு நூறு பேர் கையில் மஞ்சள் கயிறு கட்டி அனுப்புங்கள். ஆயக்குடியில் நின்றுகொண்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒரு நூறு பேரை நிறுத்திப் பாருங்கள். அதில் பத்துப் பேர் கையில் கயிறு இருந்தால் கூட்டம் சுமார் ஆயிரம். ஒருத்தர் கையில்தான் இருக்கிறது என்றால் கூட்டம் பத்தாயிரம். கயிறு கட்டியவர் நடுவில் டீக்கடையில் உட்கார்ந்துவிட்டாலோ, கயிற்றை அவிழ்த்துப் போட்டுவிட்டாலோ கணக்கு உதைக்கும். டி.என்.ஏ. கயிறு அவிழாது. அதுதான் இதன் சிறப்பு. ஒரே யானையின் சாணம் எத்தனை முறை திரும்பத் திரும்பக் கிடைக்கிறது என்பதை வைத்து, கிடைக்காத யானைகள் எத்தனை என்று கணிக்கிறார்கள். கூடவே காட்டுக்குள் ஆறரை லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஆட்கள் நடந்து, எங்கெங்கே யானை நடமாட்டம் என்று பதிந்ததையும் சேர்த்துக்கொண்டார்கள்.

22,446 என்றால் அச்சாக 22,446 என்றும் நினைக்க வேண்டாம். 18,255-லிருந்து 26,645-க்குள் எங்கேயோ இருக்கிறது, நடு நம்பர் இது, என்று ரிப்போர்ட்டே சொல்கிறது. தேர்வுத்தாளில் அப்படி எழுதினால் மார்க் கிடைக்காது, அது வேறு.

சரி, அந்த 7,518?

கம்பெனி ஒரு வருஷம் ஸ்டாக்கைக் கண்ணளவில் மதிப்பிட்டது. அடுத்த முறை பார்கோடு வைத்து ஸ்கேன் செய்தது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் 'திருட்டு' என்று எழுதினால் ஆடிட்டர் சிரிப்பார். முறை மாறிவிட்டது, பழைய நம்பரோடு ஒப்பிடாதீர்கள், இனி இதுதான் ஓப்பனிங் பாலன்ஸ் என்கிறார்கள் கணக்கெடுத்தவர்கள். சரியான பேச்சுதான். ஆனால் இதே வாதம் இன்னொரு பக்கமும் வெட்டும். யானை குறையவில்லை என்றும் இதை வைத்துச் சொல்ல முடியாது. எட்டு வருஷத்தில் கூடியதா, குறைந்ததா என்ற கேள்விக்கு அகில இந்திய அளவில் நம்மிடம் பதில் இல்லை. முறையை முன்னமே மாற்றியிருந்தால் இருந்திருக்கும். 2021-ல் ஆரம்பித்த வேலையின் ரிப்போர்ட் 2025-ல்தான் வந்தது. அடுத்த க்ளோஸிங் பாலன்ஸ் எப்போது வரும் என்பதில்தான் எனக்குக் கவலை.

தமிழ்நாட்டில் நிலைமை கொஞ்சம் தெளிவு. நம் வனத்துறை வருஷா வருஷம் தனியாக எண்ணுகிறது. 2023-ல் 2,961. 2024-ல் 3,063. 2025-ல் 3,170. கேரளா, கர்நாடகா, ஆந்திராவோடு பேசி வைத்துக்கொண்டு ஒரே சமயத்தில் எண்ணுகிறார்கள். இரண்டு கிளை குடோனிலும் ஒரே நாளில் ஷட்டரை இறக்கிவிட்டு ஸ்டாக் எடுக்கிற மாதிரி. இல்லாவிட்டால் பார்டரைத் தாண்டுகிற யானை இரண்டு ஸ்டேட் கணக்கிலும் வந்துவிடும். டி.என்.ஏ. கணக்கு தமிழ்நாட்டுக்குக் கொடுத்தது 3,136. இரண்டு வேறு வேறு முறை, கிட்டத்தட்ட ஒரே விடை. டேலி ஆகிறது! பி.காம். படித்தவனுக்கு இதைவிட வேறென்ன சந்தோஷம் வேண்டும்?

ஆயக்குடித் தோப்புக்காரருக்கு இதில் ஒரு சந்தோஷமும் இல்லை. ஸ்டேட்டில் 3,136-ஆ 3,170-ஆ என்பதா அவர் பிரச்னை? தன் தோப்புக்கு வருவது எத்தனை என்பதுதான். அங்கே ஒரு கணக்குப் பிசகு தானாகவே வந்துவிடுகிறது. ஒரே கொம்பன் ஒரு வாரத்தில் பத்துத் தோப்பில் நுழைந்தால், பத்துப் பேரும் "எங்க தோப்புல யானை" என்பார்கள். ஊருக்குள் பத்து யானை ஆகிவிடும்.

அரிக்கொம்பனை நினைவிருக்கிறதா? 2023 ஏப்ரலில் கேரளாவின் சின்னக்கானலில் பிடித்து, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, பெரியாறு காட்டில் விட்டார்கள். மேகமலைப் பக்கம் வந்தது. மே மாதக் கடைசியில் கம்பம் டவுனுக்குள்ளேயே ஓடியது. ஜூனில் நம் வனத்துறை பிடித்து களக்காடு-முண்டந்துறைக்குக் கொண்டுபோய் விட்டது. காலர் மட்டும் இல்லாதிருந்தால் நாலு ஊரும் நாலு யானை என்று சத்தியம் செய்திருக்கும்.

எல்லா யானையும் தோப்புக்கு வருவதில்லை என்பதும் இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டிய விஷயம். பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தின் ராமன் சுகுமார் 1980-களில் சத்தியமங்கலம், பிலிகிரி மலைப் பக்கம் அலைந்து ஆராய்ந்தவர். பயிருக்குள் அடிக்கடி புகுவது வளர்ந்த ஆண் யானைகள்தான், குட்டியோடு இருக்கிற பெண் கூட்டம் அவ்வளவு துணிவதில்லை என்று காட்டினார். காட்டுப் புல்லைவிட வயலில் விளைவதில் புரதம், கால்சியம், சோடியம் எல்லாம் கூடுதல். ரிஸ்க் எடுத்தால் லாபம் என்று ஷேர் மார்க்கெட்டில் இறங்குகிற இளவட்டம் மாதிரி இந்தக் கொம்பன்கள். உங்களுக்குத் தெரியாதா?

ரிஸ்க் தோப்புக்காரருக்கும் இருக்கிறது. யானை தின்ற பழம் ஒரு சீசன் வருமானம். நஷ்ட ஈடு கேட்டு, சிட்டா, அடங்கல் சகிதம் அலைந்து வாங்கிவிடலாம் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அது சாய்த்துவிட்டுப் போன கொய்யா மரம்? புதுக் கன்று நட்டுக் காய்ப்புக்கு வர இரண்டு மூன்று வருஷம். தென்னை என்றால் கேட்கவே வேண்டாம். பழம் போனால் வருமான நஷ்டம், மரம் போனால் முதலே நஷ்டம். இரண்டையும் ஒரே தலைப்பில் எழுதக்கூடாது என்று ஃபர்ஸ்ட் இயரிலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள்.

ஆத்திரத்தில் சிலர் செய்கிற காரியம்தான் விபரீதம். சோலார் வேலியில் பாட்டரியிலிருந்து விட்டு விட்டுத் துடிப்பாக கரன்ட் வரும். யானை சுரீரென்று உணர்ந்து விலகிவிடும். மெயின் லைனிலிருந்து நேராகக் கொக்கி போட்டால் கரன்ட் விடாது, ஆளை உருவிவிடும். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி பக்கத்தில் இப்படிப் போட்ட வேலியில் மூன்று யானைகள் செத்து விழுந்தன. இரண்டு குட்டிகள் மட்டும் தப்பி, செத்த யானைகளைச் சுற்றிச் சுற்றி வந்தன. அதே வருஷம் மின்வேலிகளைப் பதிவு செய்யச் சொல்லித் தமிழக அரசு விதிகள் கொண்டுவந்தது. கொக்கி வேலியில் யானை மட்டும் சாவதில்லை. ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போகிற பக்கத்துத் தோட்டத்து ஆளும் சாகிறார்.

என்னைக் கேட்டால், இந்த ஊருக்குத் தேவை மொத்த ஸ்டாக் இல்லை. பெர்சனல் லெட்ஜர். யானைக்கு ஒரு பக்கம். தோப்புக்கு வருவது எது, எந்த வழியில், எந்த மாசத்தில், தனியாகவா கூட்டமாகவா? வருவது மூன்றே கொம்பன்கள்தான் என்று தெரிந்தால் வனத்துறை செய்யவேண்டிய வேலை வேறு. முப்பது யானையின் பாரம்பரிய வழித்தடமே தோப்பாக மாறியிருக்கிறது என்றால் வேலை அடியோடு வேறு. இரண்டுக்கும் பட்டாசு ஒன்றே மருந்து என்று எத்தனை நாளைக்கு வெடித்துக்கொண்டிருப்பது?

முடியாத காரியமும் இல்லை. கோவை மதுக்கரையில் ரயிலில் யானை அடிபடாமல் இருக்க 2024 பிப்ரவரியில் 12 டவர் போட்டு, இருட்டிலும் பார்க்கிற கேமராவும் கம்ப்யூட்டர் மூளையும் வைத்திருக்கிறார்கள். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் யானை வந்தால் உடனே தகவல் போகிறது. ரயிலுக்குச் செய்ததைக் கொய்யாவுக்கும் அப்படியே செய்யச் சொல்லவில்லை, செலவு தாங்காது. டி.என்.ஏ. லாபரட்டரி ஏற்கெனவே இருக்கிறது. செய்முறை தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். மாதிரியைத் தேடிக் காட்டுக்குள் ஆறரை லட்சம் கிலோமீட்டர் நடக்கவும் வேண்டாம். தோப்பில் தின்றுவிட்டுப் போகிற யானை, மரத்தடியிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போகிறது. என்ன, சாணம் புதுசாக இருக்கும்போதே வந்து எடுக்கவேண்டும். வெயில் ஏறினால் டி.என்.ஏ. கெட ஆரம்பித்துவிடும்.