களாக்கனியும் கறுப்புக் காட்டுக் கேக்கும்

டிசம்பர் மாதத்தின் நடுப்பகுதி வந்துவிட்டால் திருவனந்தபுரத்து வீதிகளின் தோற்றமே மாறிவிடுகிறது. வீட்டு வாயில்களில் காகித நட்சத்திர விளக்குகள் தொங்குகின்றன. பேக்கரிகளில் கேக் பெட்டிகள் அடுக்கடுக்காக உயர்கின்றன. கிறிஸ்துமஸ் கேக் இந்நகரில் ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரிய பண்டமன்று. பத்மநாபசுவாமி கோயிலிலிருந்து அதிகத் தொலைவில்லாத ஸ்ரீவராகத்தில், வராக மூர்த்தியின் ஆலயத்தையும் பெரிய குளத்தையும் அண்டி வாழும் எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்களுக்கும், அண்டை வீட்டாரின் அன்பளிப்பாக ஒரு துண்டேனும் அந்நாட்களில் வந்து சேரும்.

சில ஆண்டுகளுக்கு முன், தில்லியில் பயிலும் என் மகள் விடுமுறைக்கு வந்தபோது, ‘பிளாக் ஃபாரஸ்ட்’ எனப்படும் கறுப்புக் காட்டுக் கேக் ஒன்றைக் கடையிலிருந்து வாங்கி வந்தாள். திருநெல்வேலிச் சீமையில் பிறந்து வளர்ந்த என் தாயார், கேக்கை ஒதுக்கிவிட்டு, அதன் உச்சியில் இருந்த செந்நிறப் பழத்தை மட்டும் எடுத்து மென்றார். “இது களாக்காய் அல்லவா?” என்றார். “இல்லை பாட்டி, இது செர்ரி” என்றாள் மகள். தாயார் ஒப்பவில்லை. “களாக்காய்தான். ஆனால் புளிப்பை எடுத்துவிட்டார்கள். புளிப்பை எடுத்துவிட்டால் களாக்காயில் வேறு என்னடி இருக்கிறது?” என்று கேட்டார்.

அவர் கூற்று முற்றிலும் உண்மை. நம் நாட்டுப் பேக்கரிகளில் செர்ரி என்ற பெயரால் வழங்கும் பழத்தில் பெரும்பகுதி, புதர்க்காடுகளிலும் வேலியோரங்களிலும் முள்ளோடு வளரும் களாச் செடியின் காயே ஆகும். முதிர்ந்தும் பழுக்காத காய்களைப் பறித்து, விதை நீக்கி, உப்பு நீரில் ஊறவைத்து, இயல்பான நிறத்தையும் கடும்புளிப்பையும் போக்குகின்றனர். பின்னர்ச் செந்நிறச் சாயமிட்டு, சர்க்கரைப் பாகில் இட்டு, பாகின் அடர்த்தியை நாள்தோறும் சிறிது சிறிதாக உயர்த்துகின்றனர். பாகு காயின் உட்புறம் வரை ஊறிய பின் அது பளபளக்கும் ‘செர்ரி’ ஆகிவிடுகிறது. மெய்யான செர்ரி நம் நாட்டில் காஷ்மீரத்திலும் இமாசலப் பிரதேசத்திலும் விளைகிறது. அதன் பருவம் கோடைக்காலம். டிசம்பரில் அது கிட்டாது. கிட்டும் நாளிலும் விலை மிகுதி, விரைவில் அழுகும். ஆகவே களாக்காய் அதன் இடத்தைப் பெற்றதில் வியப்பில்லை.

இனி, இக்கேக்கின் பிறப்பைக் காண்போம். ஜெர்மனியின் தென்மேற்கில் உள்ள மலைக்காட்டுப் பகுதிக்குக் கறுப்புக் காடு என்று பெயர். புளிப்புச் செர்ரிகளும், அவற்றிலிருந்து வடிக்கும் ‘கிர்ஷ்’ என்னும் நிறமற்ற மதுவும் அப்பகுதியோடு நெருங்கிய தொடர்புடையவை. 1915-ஆம் ஆண்டில் இக்கேக்கைத் தாமே முதலில் செய்ததாக ஜோசப் கெல்லர் என்ற இனிப்புக் கலைஞர் உரிமை கோரினார். அதற்கு உறுதியான சான்று இல்லை. 1934-ஆம் ஆண்டில் இது அச்சு நூலில் இடம் பெற்றுவிட்டது. கசப்புச் சாயலுள்ள சாக்லேட் கேக், கொழுமையான பாலேடு, புளிப்பான செர்ரி என்னும் மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதே இதன் நுட்பம். புளிப்பு இல்லையேல் பாலேடு திகட்டும். சாக்லேட்டின் கசப்பும் தனித்து நிற்காமல் இனிப்பில் மறைந்துவிடும்.

ஓர் உணவு நாடுவிட்டு நாடு செல்லும்போது சேர்மானங்கள் மாறுவது குற்றமன்று. கேரளத்துக் கேக்கின் வரலாறே இதற்குச் சான்று. 1883-ஆம் ஆண்டில் தலைச்சேரியைச் சேர்ந்த மாம்பள்ளி பாப்பு என்பவர், மர்டாக் பிரௌன் என்ற ஆங்கிலேயத் தோட்ட அதிபர் காட்டிய கேக்கைப் பார்த்து, அதைப் போன்றதொன்றைத் தாமும் செய்தார் என்பது வழிவழிச் செய்தி. அயல்நாட்டுப் பிராந்திக்குப் பதிலாக, முந்திரிப் பழமும் வாழைப் பழமும் கொண்டு வடித்த உள்ளூர் மதுவை அவர் சேர்த்தாராம். மதுவின் பெயர் மாறிற்று. ஆனால் அது கேக்கில் செய்ய வேண்டிய பணி மாறவில்லை.

கோகோவும் அவ்வாறு வந்து வேரூன்றியதே. அமெரிக்கக் கண்டத்துக்குரிய இப்பயிரைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1798-ஆம் ஆண்டில் நம் குற்றாலத்தில் நட்டனர். இன்று பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளின் நிழலிலும் இடுக்கி மலைச்சரிவுகளிலும் அது விளைகிறது. கர்நாடகத்துப் புத்தூரில் 1986 முதல் கூட்டுறவுச் சாக்லேட் ஆலை இயங்கிவருகிறது.

நான் மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன். ஆதலின் எனக்கு இப்படித் தோன்றுகிறது: முந்திரிப் பழ மது நல்ல மொழிபெயர்ப்பு, அது சொல்லை மாற்றிப் பொருளைக் காத்தது. பேக்கரிச் செர்ரியோ சொல்லைக் காத்துப் பொருளைக் கைவிட்டது. சிவப்பு நிறமும் உருண்டை வடிவும் உள்ளன; புளிப்பு இல்லை. இயல்பிலேயே புளிக்கும் கனி ஒன்று நம் கையில் இருந்தும், அந்தப் புளிப்பைக் களைந்துவிட்டு அதைக் கேக்கில் வைக்கிறோம். இழந்த புளிப்பை வீட்டிலேயே மீட்கலாம். அதன் முறை வருமாறு.

முதலில் கேக். எங்கள் தெருவில் முட்டை உண்ணாதோர் பலர் ஆதலின், முட்டையில்லாத பக்குவத்தையே கூறுகிறேன். மைதா மாவு 180 கிராம், கோகோத் தூள் 30 கிராம், சமையல் சோடா ஒரு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி ஆகியவற்றைச் சேர்த்துச் சலிக்க வேண்டும். பொடித்த சர்க்கரை 200 கிராம் கலந்து, தண்ணீர் 240 மில்லியும் மணமற்ற எண்ணெய் 80 மில்லியும் ஊற்றிக் கட்டியின்றிக் கலக்க வேண்டும். இறுதியில் எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி. அதன் புளிப்பு சோடாவோடு சேர்ந்தவுடன் காற்றுக் குமிழிகள் எழும். கேக்கை உப்பச் செய்பவை அவையே. ஆகவே கலந்த மாவைக் காத்திருக்க வைக்கலாகாது. எண்ணெய் தடவிய 20 சென்டிமீட்டர் வட்டத் தட்டில் ஊற்றி, முன்பே 180 பாகை சூடேறிய ஓவனில் 35 நிமிடம் வைக்க வேண்டும். ஓவன் இல்லாதோர், அடிகனமான பாத்திரத்தில் மணல் பரப்பி, அதன்மேல் ஒரு வளையம் வைத்து, மூடிப் பத்து நிமிடம் சூடேற்றிய பின் தட்டை உள்ளே வைத்து, இளந்தீயில் 45 நிமிடம் வேகவிடலாம். குத்திய குச்சியில் மாவு ஒட்டாவிடில் வெந்துவிட்டது என்று பொருள். நன்கு ஆறிய பின், இழுத்துப் பிடித்த நூலால் மூன்று அடுக்குகளாக அறுக்கலாம்.

அடுத்துப் புளிப்புச் சாறு. கிர்ஷ் மதுவின் இடத்தில் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சையை நான் அமர்த்துகிறேன். அரைக் கிலோ பழத்தை மசித்துச் சூடேற்றி வடித்தால் ஏறக்குறைய 250 மில்லி கருஞ்சாறு கிட்டும். அதில் எலுமிச்சைச் சாறு இரண்டு மேசைக்கரண்டியும் சர்க்கரை அதே அளவும் சேர்க்க வேண்டும். இதில் 100 மில்லியைக் கேக்கின் மேல் தெளிக்கத் தனியே எடுத்து வைத்துக்கொள்க. கடைச் செர்ரி 150 கிராமை வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து நீரைக் கொட்டி, மீண்டும் ஒருமுறை அவ்வாறே செய்தால், மிகைச் சர்க்கரையும் சாயமும் கழியும். அவற்றை இரண்டாக நறுக்கி, எஞ்சிய சாற்றில் இட்டு, ஒரு மேசைக்கரண்டி சோள மாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, கூழ்போல் இறுகும்வரை கிளறி ஆறவிட வேண்டும்.

மூன்றாவது பாலேடு. கடைகளில் கிடைக்கும் 25 சதவீதக் கொழுப்புள்ள கிரீம் நுரைத்து நிற்பதில்லை. 30 சதவீதத்துக்கு மேற்பட்டது 400 மில்லி வேண்டும். டிசம்பரிலும் வெப்பம் குறையாத எங்கள் ஊரில், பாத்திரத்தையும் கடையும் கருவியையும் முன்பே குளிர்வித்து, அடியில் பனிக்கட்டி வைத்துக் கடைகிறோம். மூன்று மேசைக்கரண்டி பொடித்த சர்க்கரை போதும். நுரை கூர்முனையாக நின்றவுடன் நிறுத்திவிட வேண்டும். மேலும் கடைந்தால் வெண்ணெய் திரண்டுவிடும்.

ஓர் அடுக்கின் மேல் சாற்றைத் தெளித்து, பாலேட்டைப் பரப்பி, செர்ரிக் கூழை இட்டு, அடுத்த அடுக்கை வைத்து மீண்டும் அவ்வாறே செய்க. மேல் அடுக்கிலும் எஞ்சிய சாற்றைத் தெளித்து, மேலும் பக்கங்களிலும் பாலேடு பூசி, கசப்புச் சாக்லேட்டைத் துருவித் தூவலாம். ஆறு மணி நேரமேனும் குளிர்பெட்டியில் இருந்தால்தான் மூன்று சுவைகளும் ஒன்றோடொன்று இணங்கும்.

பிற மாநிலங்களில் வாழும் நேயர்கள் இதனை அப்படியே பின்பற்ற வேண்டும் என்பதில்லை. களாக்காயைத் தில்லியில் கரோந்தா என்பர். மகாராஷ்டிரத்தில் கர்வந்த் என்பர். வங்கத்தில் கரம்சா என்பர். கோடை முதல் மழைக்காலம் வரை அவ்வப் பகுதிச் சந்தைக்கு அது வரும்போது, நன்கு பழுத்த கனிகளை வாங்கி, காம்பில் கசியும் பாலைக் கழுவி, விதை நீக்கி, சம எடைச் சர்க்கரையோடு கொதிக்கவைத்துப் புட்டியில் அடைத்துக்கொள்ளலாம். அக்கனியில் பெக்டின் மிகுதி ஆதலின் பாகு தானே உறையும். டிசம்பரில் செர்ரிக் கூழுக்குப் பதிலாக அதனையே அடுக்குகளின் இடையே இடலாம். சாயமும் வேண்டா, சோள மாவும் வேண்டா.

சென்ற ஆண்டு என் மகள் தில்லியில் அவ்வாறு செய்து, ஒரு சிறு புட்டியை ரயிலில் கொண்டு வந்தாள். கேக் தயாராகும்வரை என் தாயார் காத்திருக்கவில்லை. புட்டியைத் திறந்து ஒரு கரண்டி சுவைத்து, கண்களைச் சுருக்கிக்கொண்டு, “இப்போது சரி” என்றார்.