நெடுமுகவரியும் குறுந்தொடுப்பும்

புல்மோட்டை என்னும் ஊர்ப்பெயர் தமிழில் ஐந்தெழுத்தாலானது. திருகோணமலைக்கு வடக்கே, கனிய மணலாற் பெயர்பெற்ற அக்கடலோர ஊரைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவிலுள்ள பக்கத்தின் முகவரியைப் படியெடுத்து நண்பருக்கு அனுப்புவோர், ஐந்தெழுத்து நின்றவிடத்தில் 90 குறிகள் நிற்பதைப் பெரும்பாலும் காண்பர்.

இதற்குக் காரணம் உண்டு. ஒருங்குறி முறையில் 'பு' என்பது பகரமும் உகரக் குறியுமாக இரண்டு; 'ல்' என்பது லகரமும் புள்ளியுமாக இரண்டு. (மெய்யோடு உயிர் சேர்வது நம் இலக்கணம், ஈண்டோ அகரமேறிய மெய்யே முதலாக, புள்ளி பின்னே தனிக்குறியாய் வருகின்றது.) இவ்வாறு 5 எழுத்தும் 10 குறியீடுகளாகின்றன. ஒவ்வொன்றும் 3 பைற்று இடங்கொள்ளும். இணைய முகவரியின் பழைய விதியோ ஆங்கில எழுத்தும் இலக்கமும் சில குறிகளுமன்றிப் பிறவற்றை ஏலாது. ஆதலின் ஒவ்வொரு பைற்றும் விழுக்காட்டுக் குறியொன்றும் வேறிரு குறிகளுமாக விரித்தெழுதப்படும். பத்தினை மும்மூன்றாக இருமுறை பெருக்க 90 ஆயிற்று. இவ்வூர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுத 9 எழுத்தே போதும். பிறர்க்கு வசதியாக வந்த குறுந்தொடுப்பு நமக்கு இன்றியமையாததாயினமை இதனாற் புலப்படும்.

குறுந்தொடுப்பின் இயக்கம் எளியது. சேவையகமொன்று பேரேடு வைத்திருக்கும். ஒரு பக்கம் குறுஞ்சொல், மறுபக்கம் நெடுமுகவரி. குறுஞ்சொல்லைக் கேட்ட உலாவிக்கு, "அங்கே செல்க" என விடை வரும். சொல்லுக்கு இவ்வளவெனக் கட்டணம் பெற்ற தந்திக் காலத்தில் வணிகர் ஒரு சொல்லைத் தந்தி முகவரியாகப் பதிந்துகொண்டதும் இத்தகையதே. பத்து இலக்கமும் 26 எழுத்துங் கொண்டு நான்கு இடங்களை நிரப்பினால் 1,679,616 தொடுப்புகள் அமையும். தாமே விரும்பிய சொல்லைச் சூட்டிக்கொள்ளவும் பல நிலையங்கள் இடந்தருகின்றன.

ஆயினும் பேரேடு பிறர் கையிலுள்ளது. கூகிள் நிறுவனம் 2009இல் தொடங்கிய குறுக்கற் சேவை, 2019இல் புதிய தொடுப்புகளை ஏற்பதை நிறுத்தியது. நெடுநாள் வழக்கற்றிருந்த பழைய தொடுப்புகள் பல 2025இல் மாண்டன. லிபிய நாட்டு ஈற்றைக்கொண்ட குறுமுகவரியொன்றை அந்நாட்டார் 2010இல் பறித்தனர். செல்லுமிடம் மறைந்திருத்தலால் வஞ்சகர்க்கும் இது வாய்ப்பாகும்.

இதனாற் பக்கத்திற்கு உரியவரே பேணும் குறுந்தொடுப்பையே யான் சிறந்ததாகக் கொள்வேன். விக்கிமீடியா 2019இல் தன் தளங்களுக்கு மட்டுமென அத்தகைய சேவையொன்றை அமைத்தது. நாடோறும் தாமே செல்லும் பக்கமாயின் இடையில் எவரும் வேண்டா. பயர்பொக்சு உலாவியிற் புத்தகக்குறி ஒவ்வொன்றுக்கும் ஒரு குறுஞ்சொல் சூட்டலாம். முகவரிப் பட்டையில் அச்சொல்லை எழுதினாற் பக்கம் திறக்கும். பேரேடு நம் கணினியிலேயே இருக்கும்.

அச்சேறும் கட்டுரைகளில் இடர் பெரிது. தாளிலுள்ள தொடுப்பைச் சொடுக்குதல் இயலாது. 90 குறிகளைப் பிழையின்றித் தட்டச்சிடுவார் அரியர். எனவே மாணவர், குறுந்தொடுப்பின் அருகே பக்கத்தின் தலைப்பையும் பார்த்த நாளையும் தமிழில் எழுதுதல் வேண்டும். தொடுப்பு அறுந்த பின்னரும் தலைப்பைக் கொண்டு தேடலாம்.