உயிர்மாய்ப்பு பரம்பரையாக வருமா?

ஒரு வீட்டில் உயிர்மாய்ப்பு நடந்துவிட்டால் அடுத்த தலைமுறையின் கல்யாணப் பேச்சுவரை ஒரு கதை தொடரும்: "அவையின்ர பரம்பரையே அப்பிடித்தான்." பைபோலர் எனப்படும் இருமுனைய மனநோய்க்கு மருந்து எடுப்பவர் அந்த வீட்டில் இருந்தால் கேட்கவே வேண்டாம். மனம் சில காலம் மிதமிஞ்சிய எழுச்சியிலும் சில காலம் கடும் சோர்விலும் இருக்கும் நோய் அது. உயிர்மாய்ப்பு ஆபத்து அதில் அதிகம் என்பதும் உண்மை.

ஊர்க்கதையில் எவ்வளவு உண்மை என்று தேடி வாசித்தபோது என்னை நிறுத்தியது ஓர் அமெரிக்க ஆய்வு. பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பகுதியில் வாழும் ஆமிஷ் கிறிஸ்தவர்கள் சொந்தமாகக் கார் வைத்திருப்பதில்லை. மதுப் பழக்கம், விவாகரத்து, வேலையின்மை எல்லாம் அங்கே மிகக் குறைவு. வம்சாவளியை ஏடுகளில் ஒழுங்காகப் பதிந்தும் வைத்திருக்கிறார்கள். ஜனிஸ் ஈகிலண்டும் அவரது சக ஆய்வாளரும் 1880 முதல் 1980 வரையான நூறு ஆண்டுகளை ஆராய்ந்து, 1985இல் முடிவை வெளியிட்டனர். அந்தச் சமூகத்தில் நடந்த உயிர்மாய்ப்புகள் 26. அவர்களில் 24 பேருக்குப் பைபோலர் அல்லது கடும் மனச்சோர்வு இருந்திருக்கிறது. ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் நான்கே நான்கு குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்.

இதோடு நிறுத்தினால் ஊர்க்கதை வென்றுவிடும். ஆனால் அதே சமூகத்தில், தலைமுறை தலைமுறையாக இதே நோய்கள் நிறைந்திருந்தும் ஓர் உயிர்மாய்ப்புக்கூட நடக்காத குடும்பங்களும் இருந்தன. நோய் வருவது ஒன்று, உயிர்மாய்ப்பு ஆபத்து இன்னொன்று. இரண்டிலும் மரபணுவுக்குப் பங்கு உண்டு. ஆனால் ஒன்று வந்தால் மற்றதும் வந்தே தீரும் என்றில்லை.

உயிர்மாய்ப்புக்கென்று தனி மரபணு கிடையாது. 2022இல் வெளியான பெரிய மரபணு ஆய்வொன்று, உயிர்மாய்ப்பு முயற்சியுடன் தொடர்புடைய ஓர் இடத்தை ஏழாவது நிறமூர்த்தத்தில் கண்டது. அதன் தாக்கம் மிகச் சிறியது. அதைப் பரிசோதித்து ஒருவரின் எதிர்காலத்தைச் சொல்ல முடியாது.

எங்கள் நிலைமை ஆமிஷ் மக்களுடையதற்கு நேரெதிர். ஒரே வீட்டார் ஒரே ஷெல்லடியில் தப்பி, ஒரே முகாமில் இருந்து, ஒரே பிள்ளையைத் தேடி அலைந்திருக்கிறார்கள். அப்படியொரு வீட்டில் இரண்டு பேர் உடைந்துபோனால் அதை இரத்தத்தின் கணக்கில் எழுதுவது அநியாயம். எங்களிடம் வம்சாவளி ஏடுகளும் இல்லை. இடப்பெயர்வில் பதிவுகள் போய்விட்டன. சில மரணங்களின் காரணத்தை வீட்டுக்குள்ளேயே யாரும் பேசுவதில்லை.

வைத்தியரிடமாவது அதைச் சொல்ல வேண்டும். பைபோலருக்குக் கொடுக்கப்படும் லிதியம் எடுப்பவர்களிடையே உயிர்மாய்ப்புக் குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. அந்த மருந்து ஒருவருக்கு நன்றாக வேலைசெய்வதும் குடும்பங்களில் தொடர்கிறது. சித்தப்பாவுக்கு லிதியம் பிடித்திருந்தால், பெறாமகனின் வைத்தியருக்கு அது பெறுமதியான தகவல். குடும்பக் கதையை மறைக்கும்போது இதுவும் சேர்ந்து மறைந்துபோகிறது. இரத்தப் பரிசோதனைகளோடு எடுக்கவேண்டிய மருந்து அது. வைத்தியரைக் கேட்காமல் திடீரென நிறுத்துவது ஆபத்து.

வீட்டில் யாராவது சாவைப் பற்றிக் கதைத்தால் தனியே விடாதீர்கள், நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தேசிய மனநல உதவி இலக்கம் 1926. எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம்.