பசளை மானியமும் கமக்காரர் கடமையும்

நெற்செய்கைக்குப் பசளை மானியம் வழங்கும் வழக்கம் இலங்கையில் 1962 ஆம் ஆண்டிலே தொடங்கிற்று. அதன் வடிவம் பலமுறை மாறியுள்ளது. 2005 ஆம் ஆண்டில் 50 கிலோ மூடையொன்று 350 ரூபாய்க்குக் கொடுக்கப்பட்டது. 2016 ஆம் ஆண்டில் மூடைக்குப் பதிலாகப் பணம் வழங்கப்பட்டது. 2024/25 பெரும்போகத்தில் எக்டர் ஒன்றுக்கு 25,000 ரூபாய் என விதிக்கப்பட்டது. மூடையாயினும் பணமாயினும் அது பொதுமக்களின் பணமே. அதனைப் பெறும் உரிமையோடு சில கடமைகளும் சேர்ந்தே வருகின்றன.

1. விதைத்த பரப்பையே கூறுக

கமநல சேவை நிலையத்திற் பதியப்படும் பரப்பு, உண்மையில் விதைக்கப்பட்ட பரப்பாக இருத்தல் வேண்டும். “அரை ஏக்கர் கூட்டிச் சொன்னால் யாருக்கு நட்டம்?” எனச் சிலர் எண்ணலாம். கணக்கிட்டுப் பாருங்கள். மேற்கூறிய வீதப்படி ஏக்கருக்குச் சுமார் 10,000 ரூபாய் ஆகும். ஓர் ஊரில் ஐம்பது பேர் அரை ஏக்கர் வீதம் கூட்டிச் சொல்வாராயின், விதையாத 25 ஏக்கருக்கு ஏறக்குறைய இரண்டரை இலட்சம் ரூபாய் வீணே செல்லும். அன்றியும், வெள்ளத்தாலோ வரட்சியாலோ பயிர் அழிந்து இழப்பீடு கோரும் வேளையில், பதிவும் வயலும் ஒவ்வாவிடின் நேர்மையான கோரிக்கையும் ஐயத்துக்கு உள்ளாகும்.

2. செய்கை பண்ணுபவரே பெறுக

குத்தகைக்கு விட்ட வயலுக்கு, காணிச் சொந்தக்காரர் மானியம் பெறுதல் முறையன்று. சேற்றில் இறங்கி உழைப்பவருக்கே பசளை வேண்டும். குத்தகைக் கமக்காரர் தம் பெயரைக் காணிப் பதிவேட்டிற் பதிவித்துக் கொள்ளல் நன்று. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, அப்பதிவு அவர்தம் உரிமைக்கும் சான்றாகும்.

3. வயலுக்கே பயன்படுத்துக

மானியப் பணத்தை வேறு செலவுக்கு எடுத்துவிட்டு, பயிர் மஞ்சளித்த பின் கடனுக்குப் பசளை தேடுதல் இருமடங்கு இழப்பாகும். பணம் கிடைத்தவுடன் முதற் பசளைக்கு வேண்டியதை ஒதுக்கிவிடுங்கள். யூரியாவை ஒரே தடவையில் இடாது, பயிரின் வயதுக்கேற்பப் பிரித்து இடுங்கள். நெல்லுக்கெனப் பெற்ற மூடையைக் கடைக்கு விற்பதும், மிளகாய், வெங்காயத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்வதும் தகாதன. மரக்கறிப் பயிர்களுக்கு உரிய பசளை அளவை விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறியுங்கள்.

4. மாற்றத்தை அறிவிக்குக

நீரின்மையால் விதையாது விட்டாலும், காணி கைமாறினாலும், பதிவுபெற்றவர் இறந்தாலும் உடனே கமநல சேவை நிலையத்துக்கு அறிவித்தல் வேண்டும். பசளை வாங்கிய பற்றுச்சீட்டுகளையும் வங்கிப் புத்தகத்தையும் பத்திரமாக வைத்திருங்கள்.

பதிவிற் பிழை இருப்பின், பிறர் கண்டுபிடிக்கும்வரை காத்திராது தாமாகவே சென்று திருத்திக்கொள்வதே சிறந்தது. அடுத்த போகத்துக்கு விதைக்கும் முன்பே, உங்கள் வயலின் பரப்பு எவ்வாறு பதியப்பட்டுள்ளதென ஒருமுறை பார்த்துக் கொள்ளுங்கள்.