வண்டிச் சக்கரத்தில் எரிந்த மெழுகுவத்திகள்

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளை உள்ளடக்கிய ஆயத்தக் காலம், ‘வருகை’ எனப் பொருள்படும் ‘அத்வெந்துஸ்’ என்ற இலத்தீன் சொல்லை ஒட்டித் தமிழ்க் கத்தோலிக்கரால் திருவருகைக் காலம் எனப்படுகிறது. இக்காலத்தில் பீடத்தின் அருகே வைக்கப்படும் மெழுகுவத்தி வளையம் மிகத் தொன்மையானது போலத் தோன்றினாலும், அதன் இன்றைய வடிவத்துக்கு வயது இருநூறு ஆண்டுகூட இல்லை. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான இல்லத்தை நடத்திவந்த யோஹான் ஹின்ரிக் விக்கெர்ன் என்ற லுத்தரன் போதகர், விழாவுக்கு இன்னும் எத்தனை நாள் என்று நச்சரித்த பிள்ளைகளுக்காக, 1839-இல் பழைய வண்டிச் சக்கரம் ஒன்றில் வார நாள்களுக்கு இருபது சிறிய சிவப்பு மெழுகுவத்திகளையும் ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய வெள்ளை மெழுகுவத்திகளையும் பொருத்தி, நாளுக்கு ஒன்றாக ஏற்றச் செய்தார். அவ்வாண்டு முதல் ஞாயிறு டிசம்பர் 1-ஆம் நாளே வந்ததால் கணக்கு இருபத்து நான்கில் முடிந்தது; நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் அந்த ஞாயிறு எந்நாளிலும் அமையக்கூடும் என்பதால், சிறிய மெழுகுவத்திகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் மாறவேண்டியிருந்தது. பிற்காலத்தில் பசுமை மாறாத ஊசியிலைக் கிளைகள் சக்கரத்தைச் சுற்றிக்கொள்ள, சிறியவை மறைந்து ஞாயிற்றுக்குரிய நான்கு மட்டும் எஞ்சின. கத்தோலிக்க ஆலயங்களில் அவற்றுள் மூன்று, தவத்தைக் குறிக்கும் ஊதா நிறத்தவை. ‘மகிழ்ச்சி ஞாயிறு’ எனப்படும் மூன்றாம் ஞாயிற்றில் ஏற்றப்படுவது மட்டும் இளஞ்சிவப்பு.