பல் நடுவதற்கு முன் ஒரு மாத்திரை

பல்லு போனால் சொல்லு போச்சு என்பார்கள். சொல் மட்டுமா? முறுக்கைக் கடிக்க முடியாது. கறியை மெல்ல முடியாது.

போன பல்லுக்குப் பதிலாக, இப்போது தாடை எலும்பிலேயே புதுப் பல்லை நடுகிறார்கள். இதற்கு இம்பிளாண்ட் என்று பெயர். செலவு அதிகம்தான். ஆனாலும் சித்தூரிலும் மூணாற்றிலும் பல் டாக்டரிடம் இதைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு.

எலும்பில் சிறிய துளை போடுவார்கள். அதில் ஓர் ஆணியைத் திருகி வைப்பார்கள். மூக்குத்தித் திருகாணி போல அதில் மரை இருக்கும். அது டைட்டானியம் என்ற உலோகம். சில மாதங்களில் எலும்பு வளர்ந்து அதை இறுகப் பிடித்துக்கொள்ளும். அதன்மேல் பல்லைப் பொருத்துவார்கள். சுவீடன் நாட்டு டாக்டர் பிரோனிமார்க் 1965-இல் முதன்முதலாக ஒரு மனிதருக்கு இப்படிச் செய்தார்.

ஆணி வைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு, பல டாக்டர்கள் ஆன்டிபயாட்டிக் மாத்திரை கொடுப்பார்கள். பெரும்பாலும் அது அமாக்சிசிலின்.

"எனக்குச் சீழ் இல்லை, காய்ச்சல் இல்லை. எதுக்கு டாக்டர் மாத்திரை?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான்.

நல்ல வாயிலும் நூற்றுக்கணக்கான வகைக் கிருமிகள் உண்டு. ஈறை அறுத்ததும் அவை உள்ளே போகும். தொட்டிச் சுவரில் பாசி படிவது போல ஆணியின் மேல் ஒட்டிக்கொள்ளும். உலோகத்துக்குள் இரத்தம் ஓடாது. அதனால் பாசி படிந்த பிறகு மருந்து அங்கே சரியாகப் போய்ச் சேராது. எலும்பும் பிடிக்காது. ஆணி ஆடும், கழன்று விழும். பணமும் போச்சு, பல்லும் போச்சு. அறுக்கும் நேரத்தில் மருந்து இரத்தத்தில் இருந்தால் கிருமி ஒட்டுவது குறையும்.

இதில் எவ்வளவு பலன்? 2013-இல் 6 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். 25 பேருக்கு முன்கூட்டியே மருந்து கொடுத்தால் ஒருவருடைய ஆணி தப்பும் என்று கணக்கு வந்தது. சிறிய பலன்தான். அதனால்தான் ஒரே ஒரு வேளை போதும் என்கிறார்கள் பல டாக்டர்கள். எல்லாருக்கும் தேவையா என்பதில் டாக்டர்களிடையே ஒரே கருத்து இல்லை.

வம்பு எங்கே வருகிறது? மிச்ச மாத்திரையை டப்பாவில் போட்டு வைப்பதில். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பல்வலி என்றால் இரண்டு எடுத்துக் கொடுப்பதில். அரைகுறை மருந்தில் பலவீனமான கிருமி சாகும். பலமானது பிழைத்துப் பெருகும். நாளைக்கு அதே வீட்டுக் குழந்தைக்கு நிமோனியா வந்தால், அந்த மருந்து கேட்காமல் போகலாம். சொத்தைப் பல்லும் மாத்திரையால் ஆறாது. அதைப் பல் டாக்டர்தான் சரிசெய்ய வேண்டும்.

மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். நெடுக ஒரு சிவப்புக் கோடு இருக்கும். டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது என்பதற்கு அது அடையாளம். சித்தூர்க்காரர் பொள்ளாச்சியில் வாங்கினாலும், மூணாறுக்காரர் போடியில் வாங்கினாலும் சட்டம் ஒன்றுதான். சீட்டில்லாமல் விற்கும் கடைகளைப் பிடிக்க, கேரளத்தில் 2024 ஜனவரியில் 'ஆபரேஷன் அம்ருத்' என்ற சோதனை தொடங்கியது.

பல் நடப் போகிறவர் சிலவற்றை முன்பே டாக்டரிடம் சொல்ல வேண்டும். சர்க்கரை நோய் உண்டா? இதயத்தில் செயற்கை வால்வு வைத்திருக்கிறதா? பென்சிலின் ஊசியோ மாத்திரையோ முன்பு ஒத்துக்கொள்ளாமல் தடிப்பு வந்ததா? அமாக்சிசிலினும் பென்சிலின் இனம்தான். மருந்தின் பெயர் தெரியாவிட்டால் பழைய அட்டையையோ சீட்டையோ கொண்டுபோய்க் காட்டலாம்.